தூக்கினால் நிற்காத மோட்டார்

டிஸ்கி: இது முழுக்க முழுக்க மோட்டார் பதிவு. "அந்தமான்ல இருந்துக்கிட்டு கடற்கரை போட்டோ போடாம கிரீஸும் ஆயிலும் எழுதுறீங்களே" என்று தங்கமணி ஏற்கெனவே கேட்டாயிற்று. அதனால் நீங்கள் தனியாகக் கேட்க வேண்டாம் :-)

இங்கே சுற்றிப் பார்க்க வரும் நம்மூர் ஆட்கள் இதைக் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். படகு கரையை நெருங்கும்போது ஓட்டுகிறவர் கட்டைவிரலால் ஒரு பட்டனை அமுக்குவார். பின்னால் தொங்கிக்கொண்டிருக்கும் மோட்டார் "உய்ய்ய்ங்" என்று முனகும். அதன் தலை படகுக்குள் சாய, காலும் புரொப்பெல்லரும் தண்ணீரை விட்டு மேலே எழும்பும். 115 குதிரைத்திறன் மோட்டார் என்றால் எடை 170 கிலோவுக்கு மேல். அதை ஒரு விரல் தூக்குகிறது. குழந்தைகள் கை தட்டும். பெரியவர்கள் செருப்பைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள்.

அந்த வேலைக்குப் பெயர் டில்ட் அண்ட் ட்ரிம். எங்கள் காம்பவுண்டு அக்காவின் படகில் அது போன டிசம்பர் முதல் வாரம் மக்கர் செய்தது. தூக்கும், ஆனால் நிற்காது. தூங்கி வழிகிற ஆள் மாதிரி மெதுவாகக் கீழே இறங்கிக்கொண்டே இருக்கும்.

படகு அக்கா பெயரில். ஓட்டுவது அத்தான். பூர்வீகம் தங்கச்சிமடம். போர்ட் பிளேர் வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது (2024-இல் ஊருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றியாயிற்று, எங்கள் வாயில் இன்னும் போர்ட் பிளேர்தான்). பேங்க் லோனில் வாங்கிய பைபர் படகு. மீன் பிடிக்கவும் ஸ்நார்க்கலிங் போகவும் வருகிறவர்களைக் கூட்டிப் போவார்கள். டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை சம்பாதிப்பதுதான் வருஷம் முழுக்கத் தவணை கட்ட. ஜனவரி கடைசியில் ஒரு வாரத்துக்கு ஒரு கூட்டம் முன்பணமே கொடுத்திருந்தது.

"மோட்டாரைத் தூக்கிவிட்டு ஒரு கம்பியை முட்டுக் கொடுத்தால் ஆச்சே" என்று நீங்கள் கேட்பீர்கள். ராத்திரி நிறுத்தி வைக்க அதற்கென்றே ஒரு சப்போர்ட் லீவர் எல்லா மோட்டாரிலும் இருக்கிறது. பிரச்சினை படகு ஓடும்போது. இங்கே அமாவாசை, பௌர்ணமி ஒட்டி ஓதத்தின் ஏற்ற இறக்கம் சுமார் 2 மீட்டர். நீர் வற்றியிருக்கும்போது பவளப்பாறைத் திட்டைத் தாண்டிக் கரைக்கு வர வேண்டுமானால், மோட்டாரைப் பாதி தூக்கி, தண்ணீர் இழுக்கும் ஓட்டை மட்டும் முங்கியிருக்க, மிக மெதுவாக ஊர்ந்து வர வேண்டும். அந்தப் பாதி உயரத்தில் முட்டுக் கொடுக்க லீவர் கிடையாது. ஆயில் மட்டும்தான் தாங்க வேண்டும். ஆயில் தாங்கவில்லை என்றால் புரொப்பெல்லர் பாறையில் அடிக்கும். ஒரு புரொப்பெல்லர் அப்படித்தான் போனது. உடைவது புரொப்பெல்லர் மட்டுமில்லை. பவளம் இங்கே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிற உயிர். அத்தானுக்கு அந்தப் பயம் வேறு.

இதைவிட மோசமானது இன்னொன்று. புரொப்பெல்லரில் தூண்டில் நரம்பு சுற்றிக்கொண்டது என்று படகுப் பையன் ஒருவன், மோட்டாரைத் தூக்கிவிட்டு, அடியில் கையை விட்டு அறுத்துக்கொண்டிருந்தான். லீவர் போடவில்லை. மோட்டார் இறங்கியது. மெதுவாகத்தான் இறங்கியது என்பதால் விரல் தப்பியது. அன்று ராத்திரிதான் அக்கா எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"தம்பி, நீங்க ஜெனரேட்டர் எஞ்சினியராமே. இதையும் கொஞ்சம் பாருங்களேன். கம்பெனி ஆளு யூனிட்டையே மாத்தணும்ங்கிறாரு. ரெண்டு லட்சத்துக்குப் பக்கம் வருமாம். வர ஆறு வாரம் ஆகுமாம்."

ஆறு வாரம் என்றால் ஜனவரி கடைசி கோவிந்தா.

நான் இங்கே ஆணி பிடுங்குவது டீசல் ஜெனரேட்டரில். ஆனால் அதற்கு முன் ஓசூரில் நாலு வருஷம் பொக்லைன் சர்வீஸில் இருந்தேன். பொக்லைன் பக்கெட்டை உயர்த்தி வைத்துவிட்டுச் சாப்பிடப் போனால், திரும்பி வரும்போது அது ஒரு முழம் இறங்கியிருக்கும். அதே நோய்தான் இது. நோய் ஒன்று என்பதால் வைத்தியம் பார்க்கும் வரிசையும் ஏறக்குறைய ஒன்றுதான்.

உள்ளே என்ன இருக்கிறது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு சின்ன 12 வோல்ட் மோட்டார், இரண்டு பக்கமும் சுற்றக்கூடியது. அது சுற்றுவது ஒரு கியர் பம்பை. பம்புக்குப் பக்கத்தில் ஆயில் தொட்டி. பம்பு ஆயிலைத் தள்ளினால் சிலிண்டருக்குள் இருக்கும் பிஸ்டன் ராடு வெளியே வரும், மோட்டார் எழும்பும். பெரிய மோட்டார்களில் குட்டையாக இரண்டு ட்ரிம் ராடு, நடுவில் நீளமாக ஒரு டில்ட் சிலிண்டர். முதல் 20 டிகிரி வரை ட்ரிம் ராடுகளும் சேர்ந்து முட்டித் தள்ளும். அதற்கு மேல் 70 டிகிரி வரைக்கும் டில்ட் சிலிண்டர் தனியாள். கவனித்துப் பார்த்தால் முதலில் மெதுவாக எழும்பும் மோட்டார் பாதியில் சட்டென்று வேகம் எடுக்கும். நிரப்ப வேண்டிய சிலிண்டர் மூன்றிலிருந்து ஒன்றாகிவிட்டது, அதனால்தான்.

இன்னொரு அழகான சங்கதி உண்டு. ஓடும்போது மிதக்கும் மரக்கட்டையில் மோட்டார் இடித்தால் உடையக் கூடாதே, அதற்காக டில்ட் பிஸ்டனிலேயே சின்னச் சின்ன வால்வுகள் வைத்திருக்கிறார்கள். இடித்தவுடன் அழுத்தம் எகிறி வால்வு திறந்து ஆயில் மறுபக்கம் பாயும். மோட்டார் துள்ளி மேலே போய், பிறகு பழைய இடத்துக்கே வந்து உட்காரும். நம் கார்களில் இருக்கும் ஷாக் அப்சார்பர் மாதிரி.

கடைசியாக, பம்பு கெட்டுப்போனாலும் கையால் தூக்க ஒரு மேனுவல் வால்வு. பிராக்கெட்டின் பக்கவாட்டு ஓட்டை வழியே பெரிய ஸ்க்ரூ தலை மாதிரி தெரியும். கார் ஜாக்கை இறக்க ஒரு திருகைத் தளர்த்துவோமே, அதன் அண்ணன். இதைத் திறந்து வைத்துவிட்டு மூடாமல் படகை ஓட்டவே கூடாது. ரிவர்ஸ் போட்டால் மோட்டார் தானாக மேலே தூக்கிக்கொள்ளும்.

இனி வைத்தியம். கூட நின்றது மெக்கானிக் அண்ணன். கச்சால் தீவுக்காரர். 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து அங்கே ரப்பர் தோட்டத்தில் குடியமர்ந்த குடும்பம். 2004 சுனாமிக்குப் பிறகு போர்ட் பிளேர் வந்தவர். மனிதர் அதிகம் பேச மாட்டார். பேசினால் பாதி தமிழ், பாதி இந்தி.

பட்டனை அமுக்கினார். பம்பு நன்றாகவே சத்தம் போட்டது. "கரண்ட் பக்கம் ஒண்ணும் இல்ல, சோடோ" என்றார். அதாவது ரிலே, ஒயர், பம்பு மோட்டார் மூன்றும் விசாரணையிலிருந்து விடுதலை. வெறும் "டிக் டிக்" மட்டும் கேட்டு மோட்டார் சுற்றாமல் இருந்திருந்தால் கதை வேறு. பம்புக்குப் போகும் தடித்த நீல ஒயரையும் பச்சை ஒயரையும் நேரடியாக பேட்டரியில் கொடுத்துப் பார்ப்போம். நீலத்துக்கு பிளஸ், பச்சைக்கு மைனஸ் கொடுத்தால் பெரும்பாலான மோட்டார் மேலே போகும். மாற்றிக் கொடுத்தால் கீழே. அப்போதும் சுற்றவில்லை என்றால் பம்பு மோட்டாரே காலி. உப்புத் தண்ணீர் உள்ளே போய்த் துருப்பிடித்திருக்கும்.

அடுத்து ஆயில். மோட்டாரை முழுசாகத் தூக்கி, லீவரைப் போட்டு, அப்புறம்தான் தொட்டியின் மூடியைத் திறக்க வேண்டும். கீழே இருக்கும்போது திறந்தால் அழுத்தத்தில் ஆயில் முகத்தில் பீய்ச்சும். கம்பெனிக்காரர்களே புத்தகத்தில் இதைத் தடித்த எழுத்தில் போட்டிருப்பார்கள். ஆயில் ஓட்டையின் விளிம்பு வரை நிற்க வேண்டும், நிறம் தக்காளி ரசம் மாதிரி சிவப்பாக இருக்க வேண்டும். ஆட்டோமேட்டிக் கியர் கார்களுக்கு ஊற்றும் அதே ஏ.டி.எஃப் ஆயில். இங்கே வந்ததோ ஃபில்டர் காபி. அண்ணன் விரலில் தொட்டு, நக்கிப் பார்த்துவிட்டு, துப்பினார். "உப்பு."

ஆக, கடல் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. அதற்குப் பெரும்பாலும் வழி, ராடு வெளியே வரும் இடத்து சீல். வெளியே வரும்போது ராடு ஈரமாகும், உள்ளே போகும்போது அந்த ஈரத்தையும் கூட்டிக்கொண்டு போகும்.

அதற்காக உடனே சிலிண்டரைப் பிரித்துவிடக் கூடாது. தூக்கிய மோட்டார் இறங்குகிறது என்றால் பிஸ்டனுக்குக் கீழே அடைபட்டிருக்க வேண்டிய ஆயில் எங்கோ கசிகிறது. மேனுவல் வால்வு வழியாக இருக்கலாம், பம்பின் செக் வால்வில் தூசு மாட்டியிருக்கலாம், பிஸ்டனின் ஓ-ரிங் தேய்ந்திருக்கலாம், வெளியேயும் ஒழுகலாம். எது கழற்ற எளிதோ அதிலிருந்து ஆரம்பிப்பது என் வழக்கம். கம்பெனி ஆள் யூனிட்டை மாற்றச் சொன்னதில் தப்பில்லை என்றுதான் நினைக்கிறேன். அவர் ஒரு நாள் வந்து ஒரு நாளில் போக வேண்டியவர். எங்களுக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் இருந்தன.

முதல் வேலையாக அளந்து வைத்தோம். படகை டிரெய்லரில் ஏற்றி, மோட்டாரைத் தூக்கி, கால் நுனியிலிருந்து தரை வரை டேப் பிடித்து, பலகையில் சாக்பீஸால் குறித்தேன். நாலு மணி நேரத்தில் 62 சென்டிமீட்டர் இறங்கியிருந்தது.

பிறகு செயின் பிளாக். மூன்று இரும்புக் குழாயை முக்காலியாக நிறுத்தி, அதில் செயின் பிளாக்கை மாட்டி, மோட்டாரை அதன் கொக்கியில் தொங்கவிட்டோம். இந்த வேலையில் லீவரை மட்டும் நம்புகிறவர் விரல்களை எண்ணி வைத்துக்கொள்வது நல்லது. மேனுவல் வால்வைத் தடுத்திருக்கும் சர்க்ளிப்பை எடுத்து, வால்வைத் திருகி வெளியே இழுத்தோம். காபி ஒழுகியது. வால்வில் இருந்த இரண்டு ஓ-ரிங்கில் ஒன்று தட்டையாகிப் போயிருந்தது. இன்னொன்றில் எலி கடித்தது போல ஒரு வெட்டு.

இந்த ஊரில் ஓ-ரிங் வாங்குவது பற்றி ஒரு வார்த்தை. சைஸ் கிடைக்கலாம், கிடைக்காமல் போகலாம். சென்னை சுமார் 1,360 கிலோமீட்டர் கடலுக்கு அந்தப் பக்கம். கப்பல் என்றால் மூன்று நாள் போல. வெர்னியரில் உள்விட்டமும் கனமும் அளந்து, பழசை ரூலர் பக்கத்தில் வைத்துப் போட்டோ எடுத்து மச்சினனுக்கு அனுப்பினேன். அவன் பாரிமுனையில் சீல் கடை சீல் கடையாக ஏறி இறங்கினான். "நைட்ரைல்தான் வேணும்னு சொல்லு. இ.பி.டி.எம் குடுத்தா வாங்காத" என்று மட்டும் மூன்று முறை சொன்னேன். இரண்டும் கறுப்பு, பார்த்தால் வித்தியாசம் தெரியாது. இ.பி.டி.எம் ரப்பர் பிரேக் ஆயிலுக்கு ஏற்றது. ஏ.டி.எஃப் மாதிரி பெட்ரோலிய ஆயிலில் போட்டால் ஊறி உப்பிவிடும். இதே காரணத்துக்காகத்தான் அவசரத்துக்குக் கூட இந்தத் தொட்டியில் பிரேக் ஆயில் ஊற்றக் கூடாது. உள்ளே இருக்கும் நைட்ரைல் சீல் மொத்தமும் நாசம். டில்ட் சிலிண்டருக்கான கம்பெனி சீல் செட்டும் சேர்த்து அவன் வாங்கிவிட்டான். ஊருக்குப் போயிருந்த எங்கள் ஆபீஸ் ஆள் ஒருவர் விமானத்தில் கொண்டுவந்தார். பொட்டலத்தில் சீலோடு அதிரசமும் இருந்தது. அது மாமியார் உபயம்.

இரண்டாவது ஞாயிறு வால்வுக்குப் புது ஓ-ரிங் போட்டு, பழைய ஆயிலை வடித்து, புது ஆயிலை விட்டு, ஏற்றி இறக்கி, மறுபடி வடித்து, சிவப்பு வருகிற வரை மூன்று தடவை செய்தோம். சாயங்காலம் அளந்து குறித்துவிட்டுப் போனோம். காலையில் 9 சென்டிமீட்டர் இறக்கம். அத்தானுக்கு அதுவே போதும். "ஓடட்டும் தம்பி, சீசன் முடிஞ்சு பாத்துக்கலாம்."

அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. டில்ட் ராடைத் துடைத்துவிட்டு ஐந்து முறை ஏற்றி இறக்கி, விரலால் தடவிக் காட்டினார். ஆயில் படலம். "சீல் போயிடுச்சு. இன்னிக்கு ஒம்பது, அடுத்த மாசம் பழைய கதை. தண்ணி மறுபடி உள்ள வரும்."

அடுத்த ஞாயிறு சிலிண்டர். இங்கேதான் உண்மையான வேலை. சிலிண்டரின் மூடி அலுமினியம் மேல் மரை போட்டு உட்கார்ந்திருக்கும். வருஷக் கணக்கில் உப்புத் தண்ணீர் குடித்த மரை எளிதில் விடாது. மூடியில் ஸ்பேனர் மாட்ட இரண்டு சின்னக் குழிகள் மட்டும் இருக்கும். உளியும் சுத்தியலும் வைத்து அடித்தால் மூடி கிழியும், அப்புறம் நிஜமாகவே யூனிட்டை மாற்ற வேண்டியதுதான். அண்ணன் ஒரு பட்டை இரும்பில், உடைந்த டிரில் பிட்டின் தண்டுகள் இரண்டை வெல்டிங் வைத்துச் சொந்தமாக ஒரு பின் ஸ்பேனர் செய்திருந்தார். முந்தின ராத்திரியே துரு இளக்கும் ஆயில் அடித்து ஊற வைத்தாயிற்று. காலையில் பழைய துணியைச் சுற்றிக் கொதிக்கும் தண்ணீரை ஊற்றினோம். டார்ச் நெருப்பு வைத்திருந்தால் சீக்கிரம் இளகும், ஆனால் பக்கத்தில் ஆயில் இருக்கிறது. தண்ணீர் ஊற்றுவது, மெதுவாகத் தட்டுவது, ஸ்பேனரைச் சாய்ப்பது, மறுபடி தண்ணீர். அக்கா அடுப்பில் அண்டாவை இறக்கவே இல்லை. பத்தரை மணிக்கு "டொக்" என்று ஒரு சத்தம். அண்ணன் முகத்தில் அன்றைக்குத்தான் முதன்முதலாகச் சிரிப்பைப் பார்த்தேன்.

அதற்கு முன்பே மேனுவல் வால்வைத் திறந்து அழுத்தத்தை இறக்கி, மேல் பின்னையும் உருவியிருந்தோம். இந்த வரிசை மாறக் கூடாது. ராடை வெளியே இழுத்தால் பிஸ்டன் ஓ-ரிங் ஒரு பக்கம் தேய்ந்து மின்னியது. பாக்கி 9 சென்டிமீட்டருக்கு விடை அதுதான். பிஸ்டனில் உள்ள அந்தச் சின்ன வால்வுகளைத் தொடவில்லை. அவற்றின் குண்டும் ஸ்பிரிங்கும் தெறித்தால் மணலில் தேடிக்கொண்டிருக்க வேண்டும்.

ராடில் மிளகு அளவுக்கு இரண்டு குழிகள். துரு தின்ற இடம். சீல் அந்த இடத்தைக் கடக்கும்போதெல்லாம் கொஞ்சம் கிழிந்திருக்கிறது. ஸ்டெயின்லெஸ் ராடுக்கு இவ்வளவு சீக்கிரம் ஏன் குழி என்று தலையைச் சொறிந்துகொண்டிருந்தபோது, அக்காதான் பிராக்கெட்டின் அடியில் இருந்த கட்டியைக் காட்டி "இது என்ன தம்பி, படகு வாங்கின நாளா இப்படியே புதுசா இருக்கு?" என்றார்.

அது புதுசாக இருக்கக் கூடாது! அதற்குப் பெயர் ஆனோடு. மற்ற பாகங்களுக்குப் பதிலாகக் கடல் தண்ணீர் தன்னைத் தின்னட்டும் என்று மாட்டி வைக்கும் பலி ஆடு. தேய்ந்து சொறி பிடித்த மாதிரி இருந்தால் அது வேலை செய்கிறது என்று அர்த்தம். சுரண்டிப் பார்த்தால் மேலே பெயின்ட். படகை விற்றவர்கள் பளபளப்பாக இருக்கட்டும் என்று மோட்டார் கறுப்பிலேயே அதற்கும் சேர்த்து அடித்துவிட்டார்கள். பெயின்ட் அடித்த ஆனோடு வெறும் உலோகக் கட்டி. அது தப்பித்தது, ராடு மாட்டிக்கொண்டது.

குழிகளை 1000, 2000 நம்பர் வாட்டர் பேப்பரால், தண்ணீர் போட்டு, ஓரம் விரலில் தட்டுப்படாத வரை தேய்த்தோம். பழைய சீலை ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் பள்ளத்தில் கீறல் விழும், அதனால் மூங்கில் குச்சி. புது சீல்களுக்கு ஏ.டி.எஃப் தடவி, உதட்டின் திசை பார்த்து உட்கார வைத்தோம். ஆயிலைத் தடுக்கும் உதடு உள்பக்கம், அழுக்கையும் தண்ணீரையும் வழிக்கும் வைப்பர் வெளிப்பக்கம். சிலிண்டரில் ஆயில் ஊற்றி, பிஸ்டனை இறக்கி, மேலும் ஊற்றி, மூடி. பிறகு காற்று போகிற வரை ஐந்தாறு தடவை ஏற்றி இறக்கி, ஒவ்வொரு முறையும் முழு உயரத்தில் நிறுத்தித் தொட்டியை நிரப்பினோம். காற்று இருக்கிற வரை பம்பின் முனகல் விட்டு விட்டுக் கேட்கும். சீரானால் முடிந்தது.

மறுநாள் காலை ஆபீஸ் போகிற வழியில் அளந்தேன். அரை சென்டிமீட்டர். ராத்திரிக் குளிரில் ஆயில் சுருங்கினாலே அவ்வளவு இறங்கும். மூன்றாம் நாளும் அதே கோடு.

மொத்தச் செலவு, புது ஆனோடு சேர்த்து 11,000 சொச்சம். அண்ணன் கூலி அதில் அடக்கம், செயின் பிளாக் வாடகையும் அடக்கம். அக்கா நோட்டில் எழுதி எனக்கும் காட்டினார். முன்பணம் கொடுத்த கூட்டம் ஜனவரி கடைசியில் வந்து போனது. படகில் இப்போது சட்டம் ஒன்றுதான்: லீவரைப் போடாமல் புரொப்பெல்லர் பக்கம் எவனும் கை வைக்கக் கூடாது. பையன்கள் மறந்தால் அத்தான் கத்துவது கரை வரை கேட்கிறது.

ட்ரிம் ராடு இரண்டும் பாக்கி. ஒன்றில் லேசாக ஈரம் தெரிகிறது. தென்மேற்குப் பருவமழை ஆரம்பித்ததும் படகைக் கரையேற்றிவிட்டு அதையும் பிரிக்கலாம் என்று அண்ணன் சொல்லியிருக்கிறார். டேய் மாப்பிள்ளை, இதைப் படிப்பாய் என்று தெரியும். அளவு எல்லாம் போட்டோவோடு அனுப்பியிருக்கிறேன். இரண்டு இல்லை, நாலு செட்டாக வாங்கி வை. நைட்ரைல்!